சோதனையில் எது விளக்க மாறி, அது எந்த வகை: இட்லி மாவிலிருந்து டெங்கிக் கொசு வரை

போன மாதம், இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகள் ஒரு கேள்வித்தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 60 மாணவர்களைக் குலுக்கிப்போட்டு மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தே (தேநீர்), இன்னொன்றுக்குக் கோப்பி, மிச்சமிருந்தவர்களுக்கு வெந்நீர் கொடுத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து, திரையில் விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த ஒவ்வொருவருக்கும் எத்தனை மில்லிவினாடி பிடித்தது என்று அளந்திருக்கிறார்கள். “இதுல எது எக்ஸ்பிளனேட்டரி வேரியபிள் மாமா? தே, கோப்பி, வெந்நீர்னு மூணையும் எழுதினேன், தப்புன்னு சுழிச்சுட்டாங்க.”

வார இறுதியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இந்தத் தப்பு எனக்குப் பழக்கமானதுதான். தொடக்கப்பள்ளி ஐந்தில் இருப்பவன் செய்வதும் இதே தப்பு, பட்டப்படிப்புக்காரர்கள் செய்வதும் இதே தப்பு. அவளுக்குக் குரல் பதிவாக அனுப்பியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்த் தொல்லையைத் தீர்த்துவிடுவோம். தொடக்கப்பள்ளியில் ‘மாற்றியது, அளந்தது, மாறாமல் வைத்தது’ என்று மூன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். கொஞ்சம் மேலே போனால் அதே ‘மாற்றியது’ சாரா மாறி ஆகிவிடும், ‘அளந்தது’ சார்ந்த மாறி ஆகிவிடும். புள்ளியியல் வகுப்புக்குள் நுழைந்தால் விளக்க மாறி (அக்கா மகள் கேட்ட எக்ஸ்பிளனேட்டரி வேரியபிள்), விளைவு மாறி என்பார்கள். பெரும்பாலான கேள்விகளில் இவை ஒரே ஆளின் வெவ்வேறு சட்டைகள்தான். ‘விளக்க மாறி’ என்ற சொல்லில் ஒரு வசதி உண்டு: யாரும் எதையும் கைவைத்து மாற்றாத ஆய்விலும் அதைப் பயன்படுத்தலாம். அது ஏன் முக்கியம் என்று மூன்றாம் படியில் வரும்.

முதல் படி: அட்டவணை போடுங்கள், மனத்துக்குள்ளாவது

கேள்வியைப் படித்ததும் விடையைத் தேடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, இந்தச் சோதனையின் தரவை எக்செல்லில் தட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்து பாருங்கள். ஒரு வரிசையில் யார் அல்லது எது? அக்கா மகளின் கேள்வியில் ஒரு வரிசைக்கு ஒரு மாணவர், ஆக 60 வரிசை. நெடுக்கில் எத்தனை பத்தி வேண்டும்? ‘என்ன குடித்தார்’ என்று ஒரு பத்தி, ‘எத்தனை மில்லிவினாடி’ என்று ஒரு பத்தி. அவ்வளவுதான். பத்தியின் தலைப்பு எதுவோ அதுதான் மாறி. தே, கோப்பி, வெந்நீர் மூன்றும் அந்த முதல் பத்தியின் கட்டங்களுக்குள் எழுதப்படும் மதிப்புகள், அவற்றை நிலைகள் என்பார்கள். மாறி ஒன்று, நிலை மூன்று. அவள் மூன்று நிலைகளை மூன்று மாறிகளாக எண்ணிவிட்டாள்.

இந்த ஒரு படியைச் சோம்பல் இல்லாமல் செய்தாலே பாதித் தப்பு போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு: வரிசையில் இருப்பது ஆளா, குடுவையா, குடியிருப்புப் பேட்டையா என்பது தெளிவாகிவிடும். 30 பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரு பாடமுறை, பக்கத்து வகுப்புக்கு வேறொரு முறை என்று கொடுத்தால், முறை வகுப்புக்குத்தான் கொடுக்கப்பட்டது. 60 பேரிடம் மதிப்பெண் வாங்கினாலும் ஒப்பிடுவதற்கு இருப்பது இரண்டே இரண்டு வகுப்புகள்தான். இதை மறந்துவிட்டு அறுபது என்று எழுதுகிறவர்கள் நிறைய.

இரண்டாம் படி: கடைசியாக எதை அளந்தார்கள்?

விளக்க மாறியைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி, முதலில் விளைவு மாறியைப் பிடிப்பது. எல்லாம் முடிந்த பிறகு அளவுகோலை, கடிகாரத்தை, தராசை எதன்மேல் வைத்தார்கள் என்று பாருங்கள். அதுதான் விளைவு. பள்ளித்தாள்கள் ஆங்கிலத்தில் வருவதால் ஒரு சின்ன உபாயம்: ‘இஃபெக்ட் ஆஃப்’ என்பதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் விளக்க மாறி, அதை அடுத்து வரும் ‘ஆன்’ என்பதற்குப் பின்னால் வருவது விளைவு மாறி. தமிழில் கேட்டால் ‘எதைப் பொறுத்து எது மாறுகிறது’ என்று வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: யார் மாற்றியது?

இனி விளக்க மாறி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விளைவைப் பார்ப்பதற்கு முன்பே இதன் மதிப்பு முடிவாகிவிட்டதா, அப்படியானால் முடிவு செய்தது யார்?

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் செய்ததை எடுத்துக்கொள்வோம். சால்ஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்து ஈறு வீங்கிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடியாக்கினார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம், இன்னொரு ஜோடிக்கு வினிகர், அடுத்ததற்குக் கடல் தண்ணீர், ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும், கடைசி ஜோடிக்கு ஒரு மருந்துக்குழம்பு. கடல் தண்ணீர் கிடைத்தவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. யாருக்கு எது என்று முடிவு செய்தது லிண்ட். ஆகவே ‘கூடுதலாக என்ன கொடுக்கப்பட்டது’ என்பது விளக்க மாறி, அதற்கு ஆறு நிலைகள். உடல் தேறியதா என்பது விளைவு மாறி. 12 பேரையும் ஒரே இடத்தில் படுக்கவைத்து, மற்றபடி ஒரே சாப்பாட்டைக் கொடுத்தார். அவை மாறாமல் வைத்தவை. பழம் ஆறு நாளில் தீர்ந்துபோனது, அதற்குள்ளேயே பழம் தின்றவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார்.

இதே கப்பலில் ‘வயதான மாலுமிகளுக்கு ஸ்கர்வி அதிகமா’ என்று ஒருவர் எண்ணிப் பார்த்திருந்தால், வயதுதான் விளக்க மாறி. ஆனால் வயதை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. அது வெறும் கவனிப்பு ஆய்வு, சோதனை ஆகாது. வயதோடு சேர்ந்து வேலை, பதவி, சாப்பாடு எல்லாம் மாறியிருக்கும், எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கேள்வித்தாளில் ‘இது சோதனையா, கவனிப்பா’ என்று கேட்டால் இதைத்தான் கேட்கிறார்கள்: ஆய்வாளர் கொடுத்தாரா, இருந்ததைப் பார்த்தாரா?

ஒரு சோதனையில் இரண்டு விளக்க மாறிகளும் இருக்கலாம். உப்பு வகை இரண்டு, வெப்பநிலை மூன்று என்று வைத்தால், மாறி இரண்டு, சேர்க்கை ஆறு. அந்த ஆறு சேர்க்கைகளுக்கும் ஆளோ குடுவையோ வேண்டும். இதிலும் ஆறு மாறி என்று எழுதி மாட்டிக்கொள்வார்கள், முதல் படிக்குத் திரும்பிப் போய் பத்திகளை எண்ணுங்கள்.

நான்காம் படி: எந்த வகை?

இங்கேதான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். ‘எண்ணாக இருந்தால் அளவு மாறி, எழுத்தாக இருந்தால் வகை மாறி’ என்று மனப்பாடம் செய்தவர்கள் சிங்கப்பூரில் தெருவில் இறங்கியதுமே வழுக்கி விழுவார்கள்.

பேருந்து எண்ணையே பாருங்கள். 147 பெரியது, 64 சிறியது என்று யாரும் சொல்வதில்லை, இரண்டையும் கூட்டி 211-ல் ஏறவும் முடியாது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடும், புளோக் எண்ணும் அப்படித்தான். இலக்க வேடம் போட்ட பெயர்கள் அவை, வகை மாறிகளில் பெயரளவு மாறிகள். சோதித்துப் பார்க்க எளிய வழி: சராசரி எடுங்கள். உங்கள் வகுப்பில் எல்லாருடைய அஞ்சல் குறியீட்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் உண்டா? இல்லை. அப்படியானால் அது அளவு மாறி ஆகாது.

வகை மாறியில் அடுத்தது வரிசை மாறி. பெயர்தான், ஆனால் ஏறுமுகமோ இறங்குமுகமோ உண்டு. பானங்களுக்கு ஒட்டும் நியூட்ரி-கிரேடு ஏ, பி, சி, டி இதற்கு நல்ல உதாரணம். 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 1 கிராமுக்கு மேல் 5 வரை இருந்தால் பி, 5-க்கு மேல் 10 வரை சி, 10-ஐத் தாண்டினால் டி, இதோடு நிறைவுற்ற கொழுப்புக்கும் தனிக் கணக்கு. டி-யைவிட சி மேல் என்று சொல்லலாம், எவ்வளவு மேல் என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் டப்பாவின் பின்பக்கத்தில் போட்டிருக்கும் கிராம் கணக்கைப் பதிவு செய்தால், அதே பானம், அதே சர்க்கரை, இப்போது தொடர்ச்சியான அளவு மாறி. ஆக, வகை என்பது பானத்துக்குள் இல்லை, நீங்கள் அதை எப்படிக் குறித்துக்கொண்டீர்கள் என்பதில் இருக்கிறது.

புகைமூட்டக் காலத்துப் பிஎஸ்ஐ என்ற காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடும் இதையே காட்டும். 2013 ஜூன் 21 அன்று அது 401-ஐத் தொட்டது. அந்த 401 ஓர் எண். ‘அபாயகரம்’ என்று 300-க்கு மேற்பட்ட படிநிலையாக மட்டும் எழுதினால் வரிசை மாறி. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்ற வட்டாரம் பெயரளவு. ஒரே அறிவிப்பில் மூன்று வகை.

பிள்ளை பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதிய வீடுகளுக்குப் புரியும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல்1 முதல் ஏஎல்8 வரை ஒரு அடைவுநிலை தருகிறார்கள். 90-உம் அதற்கு மேலும் ஏஎல்1, 85 முதல் 89 வரை ஏஎல்2, இப்படியே இறங்கி, ஏஎல்5 என்பது 65 முதல் 74, ஏஎல்6 என்பது 45 முதல் 64. ஏஎல்2-ன் அகலம் 5 மதிப்பெண், ஏஎல்6-ன் அகலம் 20. படிக்கட்டுகள் ஒரே உயரத்தில் இல்லை, ஆகவே இது வரிசை மாறி. ஆனாலும் நான்கு பாடத்தையும் கூட்டி 4 முதல் 32 வரை ஒரு மொத்தம் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்வி. பள்ளி இடம் ஒதுக்க ஒரு விதி வேண்டும், அதற்காகக் கூட்டுகிறார்கள். நடைமுறைக்கு அது சரி, ஆனால் கூட்டியதால் ஏஎல் அளவு மாறியாகிவிடாது. ஏஎல்5-க்கும் ஏஎல்6-க்கும் உள்ள தூரம் ஏஎல்1-க்கும் ஏஎல்2-க்கும் உள்ள தூரம்தான் என்று உங்கள் திட்டப்பணியில் எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன்.

அளவு மாறியிலும் இரண்டு: எண்ணிப் பார்ப்பது தனித்த மாறி, அளந்து பார்ப்பது தொடர்ச்சியான மாறி. பொறியில் சிக்கிய கொசு எத்தனை என்பது தனித்தது, இரண்டரைக் கொசு சிக்காது. மில்லிவினாடி தொடர்ச்சியானது. ஸ்டான்லி ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946-ல் இன்னொரு பிரிவையும் சேர்த்தார்: சுழி (பூஜ்ஜியம்) உண்மையான சுழியா என்பது. குளிர்சாதனத்தை 16 டிகிரிக்கு வைத்தவர் வெளியே 32 டிகிரி வெயிலில் வந்து ‘இரண்டு மடங்கு சூடு’ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் செல்சியசின் சுழி தண்ணீர் உறையும் இடம், சூடே இல்லாத இடமல்ல. எடைக்கும் நீளத்துக்கும் சுழி என்றால் ஒன்றும் இல்லை என்று பொருள், அங்கே மடங்கு பேசலாம். தேர்வில் இதை எல்லாரும் கேட்பதில்லை. கேட்டால் இவ்வளவு போதும்.

ஐந்தாம் படி: ஒளிந்துகொண்டிருப்பது எது?

இதை என் வீட்டு அவமானத்தோடு சொல்கிறேன். கல்லுப்பு போட்டால்தான் இட்லி மாவு நன்றாகப் பொங்கும், தூள் உப்பு போட்டால் பொங்காது என்பது அம்மாவின் கட்சி. தேக்கா சந்தையில் கல்லுப்புப் பொட்டலம் வாங்கிவரும் வேலை எனக்கு. ஒரு சனிக்கிழமை, தீர்த்துவிடுவோம் என்று இறங்கினேன். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவை, வெளியே அளவுகோல் ஒட்டி, இரண்டிலும் 6 செண்டிமீட்டர் உயரத்துக்கு மாவு, ஒன்றில் ஒரு கரண்டி கல்லுப்பு, மற்றதில் ஒரு கரண்டி தூள் உப்பு. காலையில் கல்லுப்புக் குடுவை வழிந்து மேடையெல்லாம் மாவு, தூள் உப்புக் குடுவை பாதிகூட ஏறவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்த பார்வையே போதும்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். கல்லுப்பு மாவை அம்மா கையால் கலந்தார், தூள் உப்பு மாவை நான் கரண்டியால் கலக்கினேன். கல்லுப்புக் குடுவை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது, மற்றது இடமில்லாமல் குளிர்சாதனம் ஓடும் அறை வாசலில். எல்லாவற்றையும்விட மோசம் கரண்டி. கல்லுப்புக்கு நடுவே காற்று இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டி கல்லுப்பின் எடை, ஒரு கரண்டி தூள் உப்பின் எடையைவிடக் குறைவு. நான் மாற்றியது உப்பு வகை என்று நினைத்தேன். உண்மையில் உப்பு வகை, உப்பின் எடை, கலந்த கை, வெப்பம் நான்கும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. மாவைப் பொங்கவைப்பது லியூக்கோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயு. வெப்பமும் உப்பின் அளவும் அவற்றை நேரடியாகப் பாதிக்கும்.

இப்படி விளக்க மாறியோடு கைகோத்து மாறி, விளைவையும் தொடக்கூடியதைத்தான் குழப்பும் மாறி என்கிறோம். இரண்டு நிபந்தனையும் வேண்டும். குடுவை மூடியின் நிறம் மாறியிருந்தால் அது விளைவைத் தொடாது, விட்டுவிடலாம். வீட்டின் வெப்பம் இரவில் ஏறி இறங்கினாலும் இரண்டு குடுவையையும் ஒன்றுபோலத் தாக்கினால் ஒப்பீடு கெடாது. கேள்வித்தாளில் ‘குழப்பும் மாறி ஒன்றைக் குறிப்பிடுக’ என்றால் வெறுமனே ‘வெப்பநிலை’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். எந்தக் குழுவில் அது அதிகம், அது விளைவை எப்படித் தள்ளும் என்று இரண்டு பக்கத்தையும் எழுதினால்தான் மதிப்பெண்.

ஒரு எச்சரிக்கை: நடுவில் இருப்பதைக் குழப்பும் மாறி என்று பிடித்துவிடாதீர்கள். உப்பு நுண்ணுயிரைப் பாதிக்கிறது, நுண்ணுயிர் வாயுவை விடுகிறது, வாயு மாவை ஏற்றுகிறது. வாயுவின் அளவு வழியில் நிற்கும் இணைப்பு. அதை மாறாமல் வைத்துவிட்டால் சோதிக்க எதுவும் மிச்சம் இருக்காது.

ஆறாம் படி: மாறாமல் வை, முடியாததைக் குலுக்கு

மறுவாரம் திருந்திய சோதனை: ஒரே பாத்திரத்து மாவு, 12 சிறு குடுவை, உப்பைச் சமையல் தராசில் நிறுத்து எல்லாவற்றுக்கும் ஒரே எடை, ஒரே கரண்டியால் 20 சுற்று. இவை மாறாமல் வைத்தவை. ஆனால் மேடையில் எந்த மூலை சூடு, எது குளிர் என்று முழுக்க எனக்குத் தெரியாது. அதற்குத்தான் சீட்டுக் குலுக்கல், எந்தக் குடுவைக்கு எந்த இடம் என்று. இடத்தின் சூடு இரண்டு உப்புக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்காகிவிடும். அம்மா, “இட்லிக்கு மாவு மிஞ்சுமாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

காலையில் எதை எழுதிக்கொள்வது என்பதிலும் நான்காம் படி வரும். மாவு எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்றால் தொடர்ச்சியான மாறி. மூடியைத் தொட்டதா இல்லையா என்றால் இரண்டே நிலை உள்ள பெயரளவு மாறி. இட்லி எத்தனை தட்டில் ஒட்டியது என்றால் தனித்த மாறி. அம்மாவிடம் கொடுத்து ‘சுமார், பரவாயில்லை, பஞ்சு’ என்று கேட்டால் வரிசை மாறி. நான் மில்லிமீட்டரைத்தான் எடுத்தேன். இரண்டு உப்பும் அளவுகோலின் ஒன்றிரண்டு கோட்டுக்குள் நின்றன. அம்மா இன்னும் கல்லுப்புதான் வாங்கச் சொல்கிறார், அது வேறு விஷயம்.

குலுக்கலின் வலுவை முதலில் விரிவாக எழுதியவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், அதற்கு அவர் எடுத்துக்கொண்டதும் ஒரு கோப்பைத் தேநீர்தான். மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆய்வாளர், பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்து வளர்ந்த நமக்கு இது அப்படியொன்றும் அதிசயமாகத் தோன்றாது. 1935-ல் வெளியான புத்தகத்தில் ஃபிஷர் இதை 8 கோப்பைச் சோதனையாக எழுதினார்: நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில், எதற்குப் பின் எது என்பது குலுக்கல். அந்த நான்கையும் குருட்டாம்போக்கில் சரியாகப் பொறுக்கியெடுக்க 70-ல் ஒரு வாய்ப்புதான். இதில் அட்டவணையின் ஒரு வரிசைக்கு ஒரு கோப்பை, ஆள் அல்ல. எது முதலில் ஊற்றப்பட்டது என்பது விளக்க மாறி, அவர் என்ன சொன்னார் என்பது விளைவு மாறி, இரண்டும் பெயரளவு.

கொஞ்சம் பெரியதாக ஒன்று: ஊல்பாக்கியா கொசு

தேசியச் சுற்றுப்புற வாரியம் (என்இஏ) 2016 முதல் செய்துவரும் திட்டம் இது. ஊல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் ஏடிஸ் கொசுக்களைப் பேட்டைகளில் விடுகிறார்கள், டெங்கியைப் பரப்பும் கொசு இனம் இது. அது இல்லாத பெண் கொசுவோடு அவை சேர்ந்தால் முட்டை பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது. இதன் மாறிகளை நாமே எடுத்துப் பார்ப்போம்.

அட்டவணையின் வரிசையில் இருப்பது பேட்டை, ஏனென்றால் கொசுவை ஆளுக்கு ஆள் பிரித்து விட முடியாது. கொசு விட்டார்களா இல்லையா என்பது விளக்க மாறி, பெயரளவு, இரண்டு நிலை. வாரத்துக்கு எத்தனை விட்டார்கள் என்று குறித்தால் அதே விளக்க மாறி அளவு மாறியாகிவிடும். புளோக்குகளில் வைத்திருக்கும் கிராவிட்ராப் பொறியில் எத்தனை பெண் கொசு சிக்கியது என்பது ஒரு விளைவு மாறி, தனித்தது. டெங்கிப் பரிசோதனையில் தொற்று இருந்ததா இல்லையா என்பது இன்னொரு விளைவு மாறி, பெயரளவு. கொசு அதிகமான பழைய பேட்டைகளை மட்டும் தேர்ந்து விட்டிருந்தால் புளோக்கின் வயது குழப்பும் மாறியாக உள்ளே வந்துவிடும். மழை எல்லாப் பேட்டைக்கும் ஒன்றுபோலப் பெய்தால் குழப்பாது, மேற்கே ஜூரோங்கில் கொட்டி, கிழக்கே சாங்கியில் காய்ந்தால், அதுவும் கொசு விட்ட பேட்டைகள் ஒரு பக்கமாகவே இருந்தால், குழப்பும்.

வகை தெரிந்துவிட்டால் படம் தானாக வரும். இரண்டும் அளவு மாறி என்றால் சிதறல் வரைபடம். விளக்க மாறி வகை, விளைவு மாறி அளவு என்றால் பக்கம்பக்கமாகப் பெட்டி வரைபடம் (ஒவ்வொரு குழுவின் அளவுகளும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று ஒரு பெட்டியால் காட்டுவது). இரண்டும் வகை என்றால் இருவழி அட்டவணை. அக்கா மகளின் கேள்விக்குப் பெட்டி வரைபடம், மூன்று பெட்டி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் அனுப்பிய பதில்: “தேல சீனி போட்டாங்களா மாமா? வெந்நீர்ல போட்டிருக்க மாட்டாங்களே.” கேள்வித்தாளில் அது இல்லை. எனக்கும் தோன்றியிருக்கவில்லை.